சித்திரகுப்தனிடம் இருந்த ஒரே ஒரு படம்

பேனர் அச்சடிக்கிற பிரஸ் அண்ணன் போன் செய்தபோது நான் பள்ளி விட்டு, பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தேன். "ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அர்ஜென்டா பண்ணணும்மா. ஆறுக்கு நாலு. போட்டோ உங்கிட்ட இருக்குமான்னு..." என்று இழுத்தார். அமுதா அக்கா காய்ச்சலோடு வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த நான்கு நாளும் அவசர டிசைன்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாருண்ணா விக்கெட்டு? ஊரு, பேரு, பட்டம் எல்லாத்தையும் அனுப்பிடுங்க, ஒரு எழுத்து கம்மியில்லாம அடிச்சுடறேன்" என்றேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "கயலு, நம்ம அமுதாம்மாதான்."

கணினியில் எதையும் அழித்துவிட்டு மீட்டெடுக்கத் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த "விக்கெட்டு" என்ற சொல்லை மட்டும் எப்படி அழிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அக்காவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்கிறார், அதுவும் திரை நிறையப் பெரிதாக்கி. உங்கள் மகளின் கன்னத்துப் பருவை எடுத்தவர் அவர். உங்கள் மாமனாருக்கு முன்தலையில் முடி கொடுத்தவர் அவர். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் உட்கார்ந்துகொண்டு, காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம், கருமாதி என்று இந்த ஊரின் எல்லா மூலைக்கும் பேனர் வடிவமைத்தார். எட்டாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது என்னையும் மைதா மாவு நிறத்தில் ஆக்கி வைத்தார். சண்டை போடலாம் என்று மாடி ஏறினேன்.

"எங்கக்கா என் மூஞ்சி? இது யாரு, எங்க பெரியம்மா பொண்ணா?"

"எல்லாரும் வெளுப்பாத்தான்டி கேக்கறாங்க. உன் கலர்லயே வேணும்னு வந்து நிக்கற மொத ஆளு நீதான். சரி, உக்காரு, மாத்திடலாம்."

அன்று ஏறியவள், இறங்கவே இல்லை.

அக்கா யாருடைய போட்டோவையும் அழிக்க மாட்டார். வேலை முடிந்த பிறகும் வைத்திருப்பார். "இன்னிக்குக் காதுகுத்துக்குக் குடுத்த போட்டோ, அப்பால எதுக்குத் தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். அது எதற்கு என்று இருவருக்கும் தெரியும். சொல்ல மாட்டோம்.

ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். முந்தின நாள் அவர் மனைவி இறந்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு படம்கூடக் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு பேரன் காதுகுத்து பேனரில், கீழே இடது மூலையில் வட்டத்துக்குள் இருந்தாராம். "அதை மட்டும் பெருசு பண்ணிக் குடும்மா" என்றார். அந்த பேனர் இருந்த ஹார்டு டிஸ்க் பத்து நாள் முன்புதான் டக்டக் என்று சத்தம் போட்டுவிட்டுச் செத்திருந்தது. அக்கா உண்மையைச் சொன்னார். அந்த மனிதர் திட்டவில்லை. "பரவால்லம்மா, நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டு, மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அன்று முழுவதும் அக்கா சாப்பிடவில்லை.

மறுவாரம் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ரௌட்டரோடு சேர்த்துவிட்டால் வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அதில் சேமிக்கலாம். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று காப்பாற்றும். எதற்கு இந்தப் பாடு, இணையத்திலேயே ஏற்றி வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பௌர்ணமி வந்தால் ஜனங்கள் மலையைச் சுற்றுவார்கள், திரையில் வட்டம் சுற்றும், இணையம் மலையேறிவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது கணினி. நான் "சித்திரகுப்தன்" என்று வைத்தேன். "எல்லார் சித்திரத்தையும் குப்தமா வெச்சிருக்கப் போறவன்தானேக்கா" என்றேன். அக்கா தலையில் குட்டினார். பெயரை மாற்றவில்லை. ஆயுத பூஜைக்குக் காற்றோட்டத் துளைகளை விட்டுவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

சித்திரகுப்தன் லேசில் கணக்கு எழுத ஆரம்பிக்கவில்லை. பேக்கப் சாஃப்ட்வேர் முதலில் அப்படி ஒரு பெட்டியே கண்ணில் படவில்லை என்றது. பிறகு பாஸ்வேர்டு தப்பு என்றது. நான்கு மாலை மல்லுக்கட்டினோம். பிறகு அக்காவின் கணவர் செல்வம் மாமா, வேன் எடுக்கக் கிளம்பும்போதெல்லாம் வழியிலிருக்கிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுப் போனார். "மாமா, இதில் கை வைத்தால் உங்கள் வேன் ரிவர்ஸில் மட்டும்தான் ஓடும்" என்று எழுதி சுவிட்ச்மேல் ஒட்டினேன். அதன் பிறகு தினமும் மதியம் பச்சை எழுத்தில் "முடிந்தது" என்று வந்தது. ஒரு மாதம் நிம்மதியாக இருந்தோம்.

அக்காதான் சும்மா இருக்கவில்லை. "எடுத்து வெக்கறது பெருசில்லடி, வாலு. கேட்டா திரும்பக் குடுக்குதான்னு பாக்கணும்" என்றார். சோதனைக்கு ஒரு கோப்பு வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை; செல்வம் மாமா அடுக்களையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். கொண்டையில் பென்சில் செருகி, வாயில் மிளகாய் பஜ்ஜியோடு அக்கா எதற்கோ சிரித்த நொடியில் நான் போனில் படம் எடுத்தேன். கணினியில் ஏற்றி, பேனர் பாணியிலேயே பெயர் சூட்டினேன்: "வேங்கிக்காலின் விடிவெள்ளி போட்டோஷாப் புயல் பருக்களின் பரம எதிரி எங்கள் அக்கா அமுதா அவர்கள் மிளகாய் பஜ்ஜியை மென்று அருளிய மாபெரும் விழா." பேக்கப்பை ஓட்டினேன். "முடிந்தது" என்றது. படத்தைக் கணினியில் அழித்தேன். சித்திரகுப்தனிடம் கேட்டேன்.

"வந்துச்சாடி?" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார் அக்கா.

வரவில்லை. அப்போதுதான் அந்தப் பச்சை எழுத்துக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில் இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தேன். பெயர் நீளம் என்று எண்ணூற்றுச் சொச்சம் கோப்புகளை அது எடுக்காமலேயே விட்டிருந்தது.

பேனர் போடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அக்கா ஒவ்வொரு கோப்புக்கும் பேனரில் இருக்கிற முழுப் பெயரையும் வைப்பார்: ஊர், பட்டம், தாத்தா பெயர், மாமன்மார் பெயர் எல்லாமே. அதுவும் மாவட்டம், ஊர், தெரு என்று அறைக்குள் அறையாகப் போகும் ஃபோல்டர்களுக்குள். தமிழில் கொம்பையும் காலையும்கூடக் கணினி தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. அதற்கு மூச்சு முட்டிவிட்டது.

"பேரைச் சுருக்குக்கா."

"போடி. பேனர்ல ஒரு மாமன் பேரு கம்மியானாலே பந்தியில எல எடுத்துடுவாங்க."

"சித்திரகுப்தன் பந்தியில யாருக்கா உக்காரப் போறாங்க?"

அக்கா அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரை நினைத்திருப்பார். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பெயரைச் சுருக்க ஆரம்பித்தார். ஒரு பட்டத்தை நீக்கும்போதெல்லாம், "மன்னிச்சுக்கோங்க மாமா", "கோவிச்சுக்காதீங்க அத்த" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாமாவுக்காகவும் கட்டைக் குரலில் "பரவால்லம்மா" என்றேன். பதினொரு நாள் ஆயிற்று. கடைசிப் பெயரைச் சுருக்கிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

பஜ்ஜி படத்தையும் போனிலிருந்து மறுபடி ஏற்றி, "பஜ்ஜி அக்கா" என்று பெயரைச் சுருக்கிச் சோதித்தோம். இந்த முறை வந்தது. அக்கா அழித்தார், நான் வரவழைத்தேன். மறுபடி அழித்தார், மறுபடி வரவழைத்தேன். "அடிப்பாவி, செத்தாலும் வுட மாட்டியா?" என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே அப்போது வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய், மலையைப் பார்த்துச் சத்தியம் வாங்கினார்: போனிலும் வைத்திருக்கக் கூடாது, பெட்டியிலிருந்தும் இனி எடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் செய்கிற சத்தியத்துக்கு மேல் சத்தியம் இல்லை. போனில் இருந்ததை அவர் கண்ணெதிரே அழித்தேன்.

பிரஸ் அண்ணன் போன் செய்த அன்று மாலை செல்வம் மாமா வேலூரிலிருந்து வந்து மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கல்யாண ஆல்பம் மடியில் திறந்து கிடந்தது. "இது வேணாம்மா. இதுல அவ பயந்துபோய் நிக்கறா" என்றார். ஆதார் அட்டையைக் காட்டினேன். "இது யாரோ." அவருடைய போனில் தேடினோம். கிரிவலம் போனது, ஆடி அண்ணாமலையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனது, எல்லாவற்றிலும் மாமா இருந்தார். "எங்க போனாலும் அவதானே எடுப்பா" என்றார். இந்த ஊரில் ஒருவர் படத்தையும் அழிக்காமல் வைத்திருந்த பெண்ணுக்கு ஒரு படம் இல்லை.

நான் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜன்னலில் மலை தெரிந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று சித்திரகுப்தனைத் திறந்தேன்.

அழித்தவற்றின் பட்டியலில் "பஜ்ஜி அக்கா" இருந்தது. அதற்கு அடுத்த வரியில் நான் அறியாத இன்னொரு கோப்பு இருந்தது. சத்தியம் வாங்கியதற்கு மறுநாள் சேமிக்கப்பட்டது. அதற்கு மறுநாள் அழிக்கப்பட்டது. ஊருக்கெல்லாம் நான்கு வரியில் பெயர் வைத்தவர், அதற்கு வைத்திருந்த பெயர்: "நான்."

திறந்தேன். அதே சிரிப்பு. பஜ்ஜியை மட்டும் எடுத்திருந்தார். கொண்டையில் பென்சில் அப்படியே இருந்தது. பின்னால் ரோஜாவோ மேகமோ இல்லை, வெறும் இளநீலம். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத் தொடவில்லை. அத்தனை பேரையும் வெளுப்பாக்கியவர், தன்னைத் தன் நிறத்திலேயே விட்டிருந்தார். நான் வீட்டுக்கு இறங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து, இவ்வளவு பொறுமையாகத் தன்னை ஒரு படமாக்கி, ஒரு நாள் வைத்திருந்து, பிறகு வெட்கப்பட்டோ என்னவோ அழித்திருக்கிறார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே, நல்லா இருக்குக்கா என்று. கேட்கவில்லை. நானும் கேலி செய்வதைத் தவிர வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை.

செல்வம் மாமா திரையை நெடுநேரம் பார்த்தார். "அன்னிக்கு பஜ்ஜி போட்டது நான்மா" என்றார்.

"பேருக்கு முன்னாடி பட்டம் எதுவும் போடலியாம்மா?" என்று பிரஸ் அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். "அமுதா" என்று மட்டும் அடித்தேன். தெருமுனையில் கட்டிய அந்த பேனரைப் பார்த்தவர்கள், இவ்வளவு அழகான படம் யார் எடுத்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். எடுத்தது நான். அதை அழகாக்கியது அவர்.

உங்கள் முகங்கள் பத்திரமாக இருக்கின்றன. மாமா பெட்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். தேவைப்படும்போது வந்து கேளுங்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைத்தான். வாராவாரம் மாடி ஏறி, "நான்" என்ற கோப்பைக் கணினியிலிருந்து அழிக்கிறேன். பிறகு சித்திரகுப்தனிடம் கேட்கிறேன். திரையில் நீலக் கோடு மெல்ல நகர்ந்து முடிகிறவரை கண்ணை எடுப்பதில்லை. அடுக்களையிலிருந்து இப்போது எந்தக் குரலும் கேட்பதில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்:

"வந்துடுச்சுக்கா."