ஐந்தாவது மஞ்சள்

தியாகதுருகத்து அறிவுச்செல்வன் வாத்தியார் அச்சாபீஸ் மாயவனுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. மகள் மணிமொழியின் கல்யாணப் பத்திரிகைக்கு முன்பணம் போக மீதி. எட்டு வருஷமாக அது வரவில்லை. வாத்தியாரிடம் பணம் இல்லாமல் இல்லை. பென்ஷன் வருகிறது, ரெண்டு ஏக்கரில் மரவள்ளி விளைகிறது. மூணு சுழி ண வர வேண்டிய இடத்தில் மாயவன் ரெண்டு சுழி ன போட்டுவிட்டார், அதனால்தான் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் மாயவனைத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். வடக்கனந்தலில் அடுத்தவன் நிலத்தில் கரும்பு வெட்டிய குடும்பம். மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு. அச்சாபீசில் கூட்டிப் பெருக்கப் போனவர், எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டார். கால்மிதி மெஷினை மிதித்தார். முதலாளி நொடித்துப்போய் விற்றபோது அந்த மெஷினையே வாங்கினார். அப்புறம் ஆப்செட், அப்புறம் பிளக்ஸ். இன்றைக்குக் கடை இருக்கும் இடம் சொந்த இடம், மேலே ரெண்டு மாடி. டிகிரி முடித்த பிள்ளைகள் அவரிடம் கை நீட்டிச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். யார் தோளிலும் ஏறி வந்தவரில்லை. இதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்வதில் ஒரு சொல் பொய் கிடையாது.

எழுத்துப் பிழை மட்டும் கூடவே வந்தது. ஈய எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருக்கும். அதில் பழகிய கண்ணுக்கு ல, ள, ழ மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவர் கடையில் விழா விளா ஆகும், வாழ்த்து வாள்த்து ஆகும். நடுவில் வர வேண்டிய க், ச், ப் எல்லாம் லீவு போட்டுவிடும். படித்தவர்களுக்கு இது சோற்றில் கல் கடித்த மாதிரி. மாயவனுக்கு அவர்கள் முகம் சுளிப்பதுதான் எரிச்சல்.

"பொண்ணு பேரு சரியா இருக்குதா, தேதி சரியா இருக்குதா, மண்டபம் சரியா இருக்குதா? அப்புறம் இன்னாய்யா வேணும் உனக்கு?" என்பார்.

அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்திரிகை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பிழை தேடுவது தமிழ் மேல் உள்ள பாசத்தால் அல்ல. ஒரு பிழை கிடைத்தால் மீதிப் பணத்தில் ஐந்நூறு கம்மி பண்ணலாம்.

அதற்கு வழி கண்டவர் மாயவனின் மனைவி தைலம்மாள். பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுவது கடையில் அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது, எங்கேயும் கைநாட்டுதான். ஒரு நாள் வெள்ளிமலைக்குப் போக வேண்டிய பத்திரிகைக் கட்டில் யாரோ பிழை காட்டிவிட்டுப் போக, அதை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் திகைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"எந்த எழுத்து? வெரலால காட்டு."

காட்டினார். தைலம்மாள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அதன் மேல் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார். எழுத்து உள்ளே போய்விட்டது.

"நாலு எடத்துல வெக்கிறோம். அஞ்சாவதா ஒண்ணு வெச்சா மங்களம் ஜாஸ்தியாப் பூடுமா?"

அந்தக் கட்டு மலைப் பஸ்ஸில் ஏறிப் போனது. அடுத்த முகூர்த்தத்துக்கு மலையிலிருந்து வந்தவர்கள், "அந்த நடு மஞ்சள் வெச்சுக் குடுங்க, உங்க கடை வழக்கமாமே" என்று கேட்டு வாங்கினார்கள். பிழை இல்லாத பத்திரிகைக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மீதிப் பணத்தைத் தைலம்மாள் கையில்தான் எண்ணி வைக்க வேண்டும். மஞ்சள் கையை அப்படியே விரித்து வாங்குவார். மாயவன் பேங்கில் கட்டும் நோட்டுகளுக்கு ஓரம் மஞ்சளாக இருக்கும்.

வாத்தியார் வீட்டுப் பத்திரிகையிலும் அந்தப் பொட்டுதான் விழுந்தது. கல்யாணம் முடிந்த கையோடு கடைக்கு வந்து நின்றார்.

"இன்னாய்யா மாயவன், பத்திரிகைக்கு எத்தினி மூலை?"

"நாலு சார்."

"அஞ்சாவது மூலை எங்கேருந்து வந்துது?"

சம்பந்தி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டாராம். அடியில் மணமக்கள் மனமக்களாக இருந்தார்களாம். தமிழ் வாத்தியார் வூட்டுப் பத்திரிகையே இப்படியா என்று பந்தி முழுக்கச் சிரிப்பாம்.

"பசங்க காதத் திருகித் திருகி ண, ன சொல்லிக் குடுத்தவன்யா நானு. என் பொண்ணு பத்திரிகையில தப்பு. அது மேல மஞ்சள வேற பூசி வெச்சிருக்க. ஒரு பைசா கெடையாது."

"அந்தப் பத்திரிகைய வெச்சிக்கினுதான சார் ஊரு வந்துது? சோறு தின்னுது, மொய் எழுதிச்சு. தப்பான பத்திரிகைன்னு மொய்ய திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் முகம் செத்தது.

"பிழைக்குக் காசு குடுத்தா நான் வாத்தியாரே இல்ல."

"என்னைக்கா இருந்தாலும் இவ கையில எண்ணி வெப்பீங்க சார். ஒரு ரூபா கம்மின்னாலும் வாங்க மாட்டா."

அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் அதுவே பிடிவாதம். வாத்தியார் மாயவனின் பேனரை எங்கே பார்த்தாலும் போட்டோ எடுத்து, பிழையைச் சிவப்பு வட்டம் போட்டு, வாட்சப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பினார். மாயவன் தியாகதுருகம் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, வாத்தியார் வாசலில் நின்று பணம் கேட்டார். இரண்டாயிரத்து எண்ணூறு அவருக்கு ஒரு காசு இல்லை. அதை வாங்கிவிட்டால், மூணாங்கிளாஸ்காரன் செய்த வேலைக்கும் முழுக் கூலி உண்டு என்று வாத்தியார் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. வெறுங்கையோடு திரும்பினால் தைலம்மாள், "என் கைக்குன்னு இருக்கிறது வராம எங்க பூடும்" என்பார்.

ஐப்பசியில் தைலம்மாள் இறந்துபோனார். சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

மாயவன் அழவில்லை. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை மகன் செழியனைத் தொடவிடாமல் தானே உட்கார்ந்து அடித்தார். "யாருகிட்டயாவது ஒரு தடவ காட்டிக்கலாம்பா" என்று செழியன் சொன்னபோது, "என் பொண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?" என்றார். பிளக்ஸ் தெருமுனையில் நின்றது. காரியம் முடிந்ததும் அதைக் கழற்றிக் கொண்டுவந்து கடைச் சுவரில் மாட்டினார்கள். அதற்குக் கீழே பழைய நாற்காலியில் மாயவன் உட்கார்ந்தார். முன்னே மஞ்சள் கிண்ணம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

வருகிறவர்களிடம் கால்மிதி மெஷின் கதையைச் சொன்னார், மாடி கட்டிய கதையைச் சொன்னார். வாய் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் பிழை காட்டி எழுநூறு கழித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டார். டீ ஆறிப்போனது, குடித்தார். மத்தியானம் சாப்பிட்டோமா என்று செழியனைக் கேட்டார்.

தை பிறக்கும் நேரத்தில் வாத்தியார் வந்தார். உள்ளே நுழைந்ததும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு இங்க அடிக்க இஷ்டமே இல்ல. மணிமொழிதான் இந்தக் கடைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அஞ்சாவது மஞ்சள் வெக்கணுமாம். அன்னிக்குச் சுரண்டிப் பாத்த அவ மாமனாரே இப்ப கேக்கிறாரு. அந்த மஞ்சள் பட்ட நேரந்தான் குடும்பம் நல்லா இருக்குதாம்." தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பழைய பாக்கியும் கொண்டாந்திருக்கேன். தப்புக்கு ஐந்நூறு கழிச்சிக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்."

செழியன் மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். எட்டு வருஷச் சண்டை இப்போது வெடிக்கும் என்று நினைத்தான்.

"கழிச்சிக்கங்க சார்" என்றார் மாயவன்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாய்யா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மஞ்சள் வெக்கிற அம்மா எங்க? அதுங்கிட்டயே பேசிக்கிறேன்."

மாயவன் தலையைத் தூக்காமல் கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

வாத்தியார் சுவரைப் பார்த்தார். அவர் கண் அந்த அம்மாவின் முகத்தில் நின்றது, அப்புறம் எழுத்துக்கு இறங்கியது. கண்ணுக்குப் பழக்கம். கை தானாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. எடுத்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தப்பு இருக்குதா?" என்றார் மாயவன்.

"வுடுய்யா."

"இருக்குதா சார்?"

வாத்தியார் பிளக்ஸைப் பார்த்தே சொன்னார். "பேருலதான்யா. கடைசி எழுத்து. தைலம்மாளுக்குப் பெரிய ள் வரணும். நீ சின்ன ல் போட்டிருக்க." அப்புறம் மாயவன் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாது மாயவன். யாரும் எனக்குச் சொல்லல" என்றார்.

மாயவன் எழுந்தார். குடத்திலிருந்து ரெண்டு சொட்டுத் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டார். காய்ந்த மஞ்சளை விரலால் குழைத்தார். அது கரைய நேரம் பிடித்தது. கரைந்ததும் கை முழுக்க ஒட்டியிருந்த மஞ்சளோடு பிளக்ஸ் பக்கம் திரும்பினார்.

"எந்த எழுத்து? வெரலால காட்டுங்க."

வாத்தியார் பேனாவைப் பையில் போட்டுவிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். மாயவன் அதன் மேல் ஒரு பொட்டு வைத்தார். பளபளப்பான பிளக்ஸில் மஞ்சள் சரியாக ஒட்டவில்லை, கொஞ்சம் வழிந்தது. மறுபடியும் அழுத்தி வைத்தார்.

"சாவு பேனர்ல மஞ்சள் வெப்பாங்களாப்பா?" என்றான் செழியன்.

வாத்தியார்தான் பதில் சொன்னார். "புருசன் இருக்கச்சொல்ல சுமங்கலியாப் போன பொம்பளைடா. வெக்கலாம்."

மாயவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்தார். மேசையில் வைக்கப் போனார். வைக்காமல் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து நின்றார்.

"கைய நீட்டுய்யா."

மாயவன் மஞ்சள் கையைப் பார்த்தார். துடைக்கத் துணி தேடினார்.

"தொடைக்காத. அப்டியே நீட்டு."

நீட்டினார். வாத்தியார் வகுப்பில் வாய்பாடு சொல்கிற மாதிரி சத்தமாக எண்ணி வைத்தார். "ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்தி ஐந்நூறு. ரெண்டாயிரம். ரெண்டாயிரத்தி ஐந்நூறு." அதன் மேல் ஓர் இருநூறு, ஒரு நூறு. எதையும் கழிக்கவில்லை.

மாயவன் விரித்த கையை மடக்காமல் வைத்திருந்தார். அடியில் இருந்த நோட்டின் ஓரத்தில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது.