நெஞ்சுச் சளி

அருப்புக்கோட்டையில் அந்த நெசவாளர் தெருவில் காலை வேளையில் எந்த ஆம்பிளையும் மேலுக்குத் துணி போடுவதில்லை. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாக நீவிக் காயவைத்தாக வேண்டும். இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டி வெற்று மார்போடு இரண்டு பக்கமும் நின்றுதான் அந்த வேலையைச் செய்வது வழக்கம். அப்படிப்பட்ட தெருவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு சித்திரையில் ஒருவர் மட்டும் பனியனோடு வந்து நின்றால் பார்க்காமல் இருப்பார்களா?

"ஏலே லிங்கம், கலெக்டர் யாரும் வாராகளா? பனியனெல்லாம் போட்டு நிக்கெ!" என்றான் எதிர் வீட்டுப் பொன்னுச்சாமி.

"நெஞ்சுச் சளி. காத்து பட்டா இருமல் வருது."

"இந்த வெக்கையில சளியா? ஒனக்கு மட்டும் எந்தூருக் காத்து அடிக்குதுலே?"

பாவின் அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். பனியன் போட்டவர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். பேச்சு நூல் தட்டுப்பாட்டின் பக்கம் போய்விட்டது.

லிங்கம் என்பது தெரு வைத்திருந்த பெயர். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் சௌந்தரம். ஆண்பிள்ளை என்று வளர்க்கப்பட்டாலும், விவரம் தெரிந்த நாள் முதல் தான் பெண் என்று அறிந்திருந்தவள் அவள். இருபத்தைந்து வயது வரை அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே அவளை அவள் வைத்துக்கொண்ட பெயரால் சொல்வதே முறை.

தகப்பன் இறந்த பிறகு வீட்டுத் தறி அவள் பொறுப்பாயிற்று. தாய் சௌடம்மாள், தங்கை ராமலட்சுமி, அவள் என்று மூன்று பேர். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நெய்த சேலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் மதுரைக்குப் போய் ஜவுளிக்கடையில் போட்டுவிட்டு வருவாள். அப்படிப் போன இடத்தில்தான் மாரிக்கனியைப் பார்த்தாள். மாரிக்கனியும் ஆண் என்று வளர்க்கப்பட்டு, இப்போது சேலை கட்டிப் பெண்ணாக வாழ்கிறவள். கல்யாண வீடுகளில் சமையல் வேலை. சௌந்தரம் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்குடி இந்த வேட்டி?" என்று கேட்டாள். சௌந்தரத்திடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

மாத்திரை ஒன்றைப் பற்றிச் சொன்னவளும் மாரிக்கனிதான். பிள்ளை இறந்துபோன தாய்மாருக்குப் பால் கட்டாமலிருக்கக் கொடுக்கிற புது மருந்து. உலகச் சண்டை முடிந்த பிறகு மதுரை மருந்துக்கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. நீர் பிரியாமல் கஷ்டப்படும் கிழவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கு மார் வீங்கிவிட்டது. ஒரு கம்பவுண்டர் இதைச் சொல்லிச் சிரித்தபோது மாரிக்கனி சிரிக்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்ல காம்புக்கு அடியில புளியங்கொட்டையாட்டம் கட்டும். துணி உரசினாக்கூட உசிர் போகும். பயந்துறாத. அது நோவு இல்ல, வரவு" என்று சொல்லித்தான் மாத்திரையைக் கொடுத்தாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. தை மாசம் ஆரம்பித்த மாத்திரைக்குப் பங்குனியில் கட்டி வந்தது. பஸ்ஸில் யாரோ முழங்கையால் இடித்தபோது கண்ணில் நீர் முட்டியது. வலியைப் பற்றிச் சௌந்தரம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போது இடது கை தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். இருக்கிறது என்று தெரிந்ததும் தறியில் நாடா மறுபடி ஓடும்.

மறைப்பதுதான் பாடாயிற்று. அறுத்தெடுத்த பாவில் மிஞ்சிய நூலைக் கொண்டு நெருக்கமாக ஒரு பட்டைத்துணி நெய்தாள். மூச்சை வெளியே விட்டு, மார்பைச் சுற்றி இறுக்கி, முதுகுப் பக்கம் சொருகி, மேலே பனியன். நெய்யும்போது கை இரண்டும் ஓயாமல் ஆடும். ஆடினால் பட்டை கீழே நழுவும். நழுவினால் எழுந்து அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்ச் சரி செய்து வருவாள். வேர்வையில் பட்டைக்கு அடியில் தோல் வெந்து அரித்தது. பொதுக் கிணற்றடியில் ஆண்களோடு குளிப்பதை விட்டு, வீட்டுப் பின்னால் தட்டி மறைவில் குளித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். நெஞ்சுச் சளி.

அந்த வருஷம் ஒரே ஒரு நாள் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. சுதந்திரம் வந்த அன்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தெருவில் எல்லா ஆண்களும் பெட்டியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

ராமலட்சுமியை அதே தெருப் பெரியவர் பாலையாவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. தையில் கல்யாணம். அது முடிகிற வரைக்கும் மறைத்துவிட்டால் போதும், பிறகு மதுரைக்குப் போய்விடலாம் என்று சௌந்தரம் நினைத்திருந்தாள். அதற்கு முன் வெளியே தெரிந்தால் தங்கையை யாரும் கட்டமாட்டார்கள்.

ஆனால் அவள் சொன்ன சளி அவள் கையை விட்டுப் போய்விட்டது. தறிக்குழியும் நூல் தூசியுமாக இருக்கிற தெருவில், மாதக்கணக்கில் ஆறாத சளிக்கு ஒரே பெயர்தான் உண்டு. ஆவணிக்குள் லிங்கத்துக்குச் சயரோகம் என்று கிணற்றடியில் பேச்சாகிவிட்டது. தகப்பனும் இருமித்தானே போனான் என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அவர் இறந்தது பாம்பு கடித்து. அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பாலையா நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் கத்தி போடுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். விஜயதசமி அன்று முறை வந்த வீட்டுக்கு ஓர் ஆள் வெற்று மார்போடு நின்று, இரண்டு கையிலும் கத்தி பிடித்து, 'தீசுக்கோ தாயே', ஏற்றுக்கொள் தாயே, என்று அம்மனைக் கூவி அழைத்துத் தன் மார்பில் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அம்மன் நகர்ந்து வருவாள் என்பது அவர்கள் வழக்கம்.

"ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது, தாயி" என்றார் சௌடம்மாளிடம். "பொண்ணு மேல குறை இல்ல. ஆனா நெஞ்சுச் சீக்கு உள்ள வீடுன்னு நாலு பேரு சொல்றாக."

"அவுக சொன்னா ஆயிருமா, அண்ணே?"

"ஆகாது. அதான் சொல்றேன். இந்த வருஷம் ஒங்க வீட்டு முறை. இவன் வந்து கத்தி போடட்டும். சீக்காளி மார்ல கத்தி நிக்காதுன்னு தெருவுக்கே தெரியும். போட்டுட்டான்னா அப்புறம் எவன் பேசுவான்? என்ன மாப்ளே?"

சௌந்தரம் தறிக்குழியில் இருந்தபடியே, "வாரேன், மாமா" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். கட்டி அப்படியேதான் இருந்தது. அதற்குள் கட்டி என்ற நிலையும் தாண்டியிருந்தது. பட்டையை அவிழ்த்தால், ஒல்லியான உடம்பில் இரண்டு பக்கமும் மேடு தெரிந்தது. தாழ்வாரத்துக் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். பாலையாவுக்குக் கண் பார்வை மங்கல்தான், பொன்னுச்சாமிக்கு அப்படி இல்லை.

விஜயதசமி அன்று கோவில் முன்னால் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். சௌந்தரம் பட்டையை அவிழ்த்துவிட்டு, பெரிய துண்டு ஒன்றைத் தோள் நிறையப் போர்த்திக்கொண்டு கத்தியோடு வந்திருந்தாள். முதல் வெட்டு தலைவருடையது. அவர் போட்ட பிறகே மற்றவர்கள் மேல்துணியை எடுத்துவிட்டு ஒவ்வொருவராக முன்னால் வரவேண்டும். வரிசையாக வந்தால் எல்லோருக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். இதை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

மேளம் எழும்பியது. பாலையா கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சௌந்தரம் வரிசையை விட்டு ஓடினாள். "தீசுக்கோ தாயே!" என்று கூவிக்கொண்டே துண்டை உதறி, துண்டு தரையில் விழுவதற்குள் தன் மார்பில் கத்தியைப் போட்டாள். மறுபடி போட்டாள். வலிக்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும், அங்கேயே போட்டாள். பார்த்தவர்களுக்குக் கத்தியும் ரத்தமும்தான் தெரிந்தது.

முறை தப்பியது தெய்வக் குற்றம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. தலைவரையே முந்திக்கொண்டு ஒருவன் ஓடுகிறான் என்றால் அம்மன் அவன் மேல் இறங்கிவிட்டாள் என்றுதான் அந்தக் கூட்டத்துக்குப் புரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பொன்னுச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். பாலையா ஓடி வந்து மஞ்சள்பொடியை இரண்டு கையாலும் அள்ளி அவள் மார்பில் வைத்து அழுத்தினார்.

"எப்படிப் போட்டிருக்கான் பாரு! அதுக்குள்ள வீங்கிருச்சே!" என்று அழுதார். அவர் கை அந்த வீக்கத்தின் மேல்தான் இருந்தது.

கல்யாணம் தையில்தான் என்று அங்கேயே நின்று உரக்கச் சொன்னார். இனி வருஷா வருஷம் முதல் கத்தி லிங்கத்துக்கு, நான் விட்டுக் கொடுத்தாச்சு என்றும் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

மற்றவர்களுக்கு அந்த மஞ்சளே ஆற்றிவிடும். சௌந்தரத்துக்கு இடது பக்கம் ஆறவில்லை. காய்ச்சல் வந்து பாயில் கிடந்தாள். சௌடம்மாள் வெந்நீரும் துணியுமாக உட்கார்ந்து பழைய மஞ்சளைத் துடைத்து எடுத்தாள். மஞ்சள் போன பிறகு கை நின்றது. வெட்டு விழாத ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கத்தையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பெண்கள் வளர்ந்த வீட்டுக்காரிக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா?

"இது கத்தி வீக்கம் இல்லையே" என்றாள்.

"இல்லை."

"சளியும் இல்லை."

"இல்லை, அம்மா."

சௌடம்மாள் துணியைப் பிழிந்தாள். "எத்தனை நாளா?"

"இது தையில இருந்து. மத்தது எப்பவும்."

தாய் துணியை ஓரமாக வைத்தாள். பிறகு புண்ணைத் தொடாமல் சுற்றி மருந்து வைத்தாள். "ராமலட்சுமி கல்யாணம் முடியட்டும்" என்றாள். வெளியே பொன்னுச்சாமி வந்து, "எப்படி இருக்கான்?" என்று குரல் கொடுத்தபோது, எழுந்துபோய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்று, "தூங்குறான்ப்பா, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து பட்டையைத் துவைப்பதும் காயவைப்பதும் அவள் வேலையாயிற்று.

கல்யாணம் நடந்தது. மணமகளின் அண்ணன் கத்தி போட்ட கதையைச் சம்பந்தி வீட்டார் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். சௌந்தரம் பட்டுச் சட்டையைக் கழுத்து வரை பொத்தானிட்டுக்கொண்டு பந்தியில் நின்று பரிமாறினாள். பங்குனியில் போய்விட்டாள். மறு வருஷம் முதல் கத்திக்கு ஆள் இல்லை. லிங்கத்தை அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள், வடக்கே எங்கோ கோவிலில் சாமியாராக இருக்கிறான் என்று தெருவே ஒரு முடிவுக்கு வந்தது. சௌடம்மாள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மதுரையில் சௌந்தரம் மாரிக்கனியோடு தங்கிக் கல்யாணச் சமையலுக்குப் போனாள். மறுபடி மாத்திரை எடுத்தாள். வலது பக்கம் வளர்ந்தது. வெட்டு ஆழமாக விழுந்த இடது பக்கம் தழும்போடு நின்றுவிட்டது. ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்துச் சரி செய்துகொண்டாள். "முன்னாடி இருக்கிறதை மறைச்சே, இப்ப இல்லாததை மறைக்கிறே. ஒனக்கு வேற பொழைப்பே இல்லையாடி?" என்று மாரிக்கனி கேலி செய்வாள். சௌந்தரமும் சிரிப்பாள்.

சௌடம்மாள் எப்போதாவது பஸ்ஸேறி வருவாள். சாப்பிடுவாள், மதுரைத் தண்ணீரைக் குறை சொல்வாள், போய்விடுவாள். நாற்பத்தொன்பது ஆவணியில் வந்தவள் கிளம்பும் நேரத்தில் சொன்னாள்:

"ராமலட்சுமி பிள்ளைக்குக் காது குத்து. நீ வரணும்னு சொல்றா."

"அவளுக்குத் தெரியுமா?"

"மதுரையில என் அக்கா மக ஒருத்தி இருக்கான்னு சொல்லியிருந்தேன். ரெண்டு நாள் பேசாம இருந்தா. அப்புறம் அக்காவுக்கு என்ன கலர் சேலை பிடிக்கும்னு கேட்டா."

"தெருவுல கண்டுபிடிச்சுருவாக, அம்மா. அவ வாழ்க்கை என்ன ஆகும்?"

"லிங்கம்னா அவுக கண்ணுக்குக் கத்தியும் ரத்தமும்தான் தெரியும். சேலை கட்டி நிக்கிறவளை யாரு அப்படி நினைப்பா? வா."

போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ராமலட்சுமியின் வீட்டுக்கு நடந்தாள். ராமலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். மாமனுக்கு எங்கே போவது என்று கூடத்தில் பேச்சு வந்தது. பாலையா நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு சௌந்தரத்தைப் பார்த்தார்.

"இது யாரு, தாயி?"

"என் அக்கா மக, அண்ணே. மதுரை."

"அதான் சாடை தெரியுது. நம்ம லிங்கம் மூஞ்சிதான்." அவளிடமே திரும்பினார். "அவன் ஒனக்குத் தம்பி முறை ஆகணும். அவனை மாதிரி கத்தி போட்டவன் இந்த ஊர்ல இல்ல, தெரியுமா? என் கையாலதான் மஞ்சள் வச்சேன்."

"சொல்லியிருக்காக" என்றாள் சௌந்தரம்.

பொன்னுச்சாமி ஏதோ சொல்ல வந்தவன்போல அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள் ஆசாரி ஊசியோடு வந்துவிட்டார். மாமன் இல்லாத குறைக்கு நானே வச்சுக்கிறேன் என்று பாலையா பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் இருத்தினார்.

"பொம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் போங்க. காத்து வரட்டும். நீயும்தான் தாயி, போ, போ."

சௌந்தரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெண்கள் நின்ற பக்கம் போனாள். அங்கே நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது.