பாடகியின் இடது கை

அந்த மெழுகுச் சிலைக் கூடத்தில் அவருக்கு அடுப்பு என்று பெயர். வயதில் சின்னவர்கள் அடுப்பண்ணே என்பார்கள், பெரியவர்கள் வெறும் அடுப்பு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் கொதிக்கும் ஒரு பெரிய அண்டா, அதற்குள் இறக்கி வைத்த மெழுகுப் பாத்திரம், பக்கத்தில் உட்கார ஒரு முக்காலி. அதுதான் அவர் ராஜ்ஜியம். மவுசு போனவர்களை மேலேயிருந்து இறக்குவார்கள், அவர் உருக்குவார். அவ்வளவுதான் வேலை.

சிலை முழுசும் மெழுகு என்று நம்பித்தான் ஜனங்கள் டிக்கெட் எடுக்கிறார்கள். தலையும் இரண்டு கையும் மட்டும்தான் மெழுகு. மீதியெல்லாம் மரச்சட்டம், சாக்கு, பஞ்சு, மேலே பளபளவென்று துணி. ஒருவர் கீழே வந்தால் முதலில் தலைமுடியைப் பிடுங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். கரண்டிக் காம்பால் கண்ணாடிக் கண்ணை நெம்பி எடுக்க வேண்டும். அப்புறம் பாத்திரம். மூக்கு முதலில் கரையும். காதுதான் கடைசிவரை மிதக்கும், யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிடப்பதுபோல.

உருகிய மெழுகை யாரும் கொட்டுவதில்லை. அடுத்தவர் தலை அதில்தான் வார்க்கப்படும். மந்திரி ஒருவர் மல்யுத்தக்காரர் ஆனார், மல்யுத்தக்காரர் சிரிப்பு நடிகர் ஆனார். நீராவியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது அடுப்புக்கு அரைத் தூக்கம் வரும். பாத்திரத்துக்குள் ஒரு பெரிய கூட்டம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து, அடுத்த முறை யாராகப் போகலாம் என்று மெதுவாக யோசித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். கண்ணைத் திறந்தால் வெறும் மெழுகு, தேன் நிறத்தில்.

யார் கீழே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் ஒரு துண்டு சிவப்புக் கம்பளம் போட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை முதலாளியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுற்றி வருவார். சிலைகளின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார், கம்பளத்தைத்தான் பார்ப்பார். நைந்து நூல் தெரிந்தால் அந்த ஆள் வாசல் கூடத்தில் இருக்கலாம். ஓரளவு தேய்ந்திருந்தால் நடுக்கூடம். சிவப்பு மங்கவே இல்லையென்றால் நடைபாதை, அதற்கடுத்து மாடிப்படிக்குக் கீழே, அதற்கடுத்து அடுப்பு. பழைய முதலாளி, அதாவது இந்த அம்மாவின் அப்பா, ஏற்படுத்திய முறை அது. "மூஞ்சி பொய் சொல்லும், தரை சொல்லாது" என்பாராம்.

அடுப்புக்கு இதிலெல்லாம் எந்த வருத்தமும் கிடையாது. ஒரே ஒரு சிலையைத் தவிர.

அது ஒரு பாடகி. ஒரு காலத்தில் டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் எங்கே போனாலும் அந்த அம்மாவின் குரல்தான். தலைக்கு அளவு எடுக்க வந்து உட்கார்ந்தவருக்குக் கையை அச்சில் வைக்க நேரமில்லை. விமானம் கிளம்பிவிடும் என்று ஓடிவிட்டார். பழைய முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். சிலைகளுக்கு உடை தைக்கும் பெண் ஊசியும் கையுமாக நின்றிருந்தாள். "நீ வா" என்று அவள் இரண்டு கையையும் சாந்துக்குள் வைத்துவிட்டார். அந்தத் தையற்காரி அடுப்பின் மனைவி. கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

பாடகியின் வலது கையில் மைக், இடது கை ரசிகர்களைப் பார்த்து நீட்டியபடி. அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காத ஆள் ஊரில் இல்லை. தையற்காரிக்கோ அந்தப் பாட்டே பிடிக்காது.

"மூக்கால பாடறா, கையை மட்டும் எங்கிட்ட வாங்கிக்கிட்டா" என்பாள். புருஷனைச் சீண்ட வேண்டுமென்றால் அதற்கும் அந்தக் கைதான். "எத்தனை பேரு என் கையைப் பிடிக்க வரிசையில நிக்கிறாங்க, போய்ப் பாருங்க. வீட்டுல ஒரு ஆளுக்கு மட்டும் அருமை தெரியல."

அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் போய்ப் பார்த்தார். ஆட்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தி உண்டான சின்னச் சின்னப் புள்ளிகள் மெழுகில் அப்படியே இருந்தன. அச்சை உடைத்துத்தான் கையை எடுத்திருந்தார்கள். அதனால் உலகத்தில் அவள் கை என்று மிச்சம் இருந்தது அந்தச் சிலையில் மட்டும்தான்.

அதற்குள் பாடகிக்கும் காலம் மாறிவிட்டது. வாசல் கூடத்திலிருந்து நடுக்கூடம், நடுக்கூடத்திலிருந்து நடைபாதை. போன வருஷம் மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டார். அடுத்தது என்ன என்று அடுப்புக்குத் தெரியாதா?

நாலு பேர் நின்றால்தானே கம்பளம் தேயும், நாமே நிற்போம் என்று அவர் முடிவு செய்தார்.

தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவார். கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும். வாசல் கூடத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் இன்னும் எழுந்திருக்காதவர்கள் போல நிற்பார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்து போய், பாடகியின் முன்னால் நின்று, இரண்டு காலையும் கம்பளத்தில் தேய்ப்பார். தேய்க்கிற நேரத்துக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். குளிர்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் சூட்டை வாங்கிக்கொண்டு அதுவும் சூடாகும். அப்போது அவள் கை எது, தன் கை எது என்று அவருக்கே பிடிபடாது. மேலே படியில் யாராவது நடந்தால் தூசி பொன்னாக உதிரும். வீட்டில் சொல்ல மறந்ததையெல்லாம் அந்த நேரத்தில் மனசுக்குள் சொல்வார். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது, குழாய் ஒழுகுவது, எல்லாம்.

ஒரு நாள் மதியம் கூட்டமில்லாத நேரத்தில், சாதாரணப் பருத்திப் புடவையில் ஒரு அம்மாள் கீழ்த்தளப் படிவரைக்கும் வந்துவிட்டார். "இங்க ஒரு பாட்டுக்காரி சிலை இருந்துச்சே, எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மூக்கால் வந்த அந்தக் குரலைக் கேட்டதும் அடுப்புக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் கொடுத்தவனுக்குப் புரியவில்லை.

மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். அந்த அம்மாள் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. இந்தக் கை யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடதும்மா."

"எவ்வளவு நல்ல கை. என் கை இப்படி இருக்காது." அந்த விரல்களைத் தடவிப் பார்த்தார். "அன்னிக்கு நேரமில்லன்னு ஓடினேன். இப்ப வேணுங்கிற அளவு நேரம் இருக்கு. யாரும் கேக்கத்தான் இல்ல."

போகும்போது அந்த மெழுகுக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார், பக்கத்து வீட்டுக்காரியிடம் விடைபெறுவது மாதிரி.

வருஷாந்திரச் சுற்று வந்தது. அடுப்பு ஏதோ வேலை இருப்பதுபோல மாடிப்படிப் பக்கம் துணியை வைத்துக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட், தட் என்று கைத்தடி வந்து நின்றது.

"இது என்ன அதிசயம்? இந்த அம்மாவுக்கு இவ்வளவு கூட்டமா?" என்றார் முதலாளியம்மா.

"பழைய ஆளுங்க தேடி வர்றாங்கம்மா" என்றார் அடுப்பு, துடைத்துக்கொண்டே.

முதலாளியம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் முனகிக்கொண்டே குனிந்தார். தடியின் நுனியால் கம்பளத்தைத் தடவினார். கூட்டம் நின்ற கம்பளம் பரவலாகத் தேயும், ஓரத்தில் கூட நூல் பிரியும். இதில் ஓரமெல்லாம் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. நடுவில் மட்டும் இரண்டு குழி, பக்கத்தில் பக்கத்தில்.

"அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க."

"எதுக்கும்மா?"

"நில்லுங்கன்னா நில்லுங்க."

நின்றார். இரண்டு காலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி குழியில் உட்கார்ந்தன. எப்போதோ மெழுகு கொட்டிப் புண்ணான கட்டை விரல் கம்பளத்தில் படாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. குழியிலும் அந்த இடத்தில் மட்டும் தேய்மானம் இல்லை.

முதலாளியம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கூட்டம்னா நீங்க ஒருத்தர்தானா? அதுலயும் டிக்கெட் எடுக்காத கூட்டம்" என்றார். பாவாடை கட்டிக்கொண்டு இந்தக் கூடத்தில் ஓடிய வயதில், தனக்குத் துண்டுத் துணியில் பொம்மைச் சட்டை தைத்துக் கொடுத்த கை யாருடையது என்று அவருக்கும் தெரியும். "சிலை கீழ வந்துதான் ஆகணும், அண்ணே. முறைன்னு ஒண்ணு இருக்கு. கையை மட்டும் நீங்க வீட்டுக்கு எடுத்துக்கோங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அன்று சாப்பிடும்போது மகளிடம் சொன்னார். மகள் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊரே முணுமுணுக்கிற பாட்டு. போன மாதம்வரை யாரென்று தெரியாத ஒரு சின்னப் பெண், தன் வீட்டுச் சமையலறையில் நின்று பாடியது. வாசல் கூடத்துக்கு அந்தப் பெண்ணின் தலையைத்தான் இப்போது செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கா? எங்க வைப்பீங்க?" என்றாள் மகள். "டிவி மேலயா? அலமாரியிலயா? ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா எனக்கு உயிரே போயிடும்."

"உங்கம்மா கைடீ."

"அதனாலதாம்பா சொல்றேன்." பாட்டை நிறுத்திவிட்டாள். "அம்மா கை சும்மா கிடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. அதைக் கொண்டு வந்து துணி போட்டு மூடி வைக்கப் போறீங்களா?"

அவர் சாப்பிட்ட தட்டிலேயே விரலால் ஏதோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் செதுக்குகிற அறைக்குப் போனார். புதுப் பெண்ணின் தலை முடியில்லாமல் ஜன்னலோரம் வெளிச்சத்தில் இருந்தது. முதலாளியம்மா போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"இந்தப் பொண்ணுக்குக் கை அச்சு குடுக்க நேரமில்லையாம். ஒரு நாளைக்கு ரெண்டு ஊருல பாடுதாம்."

அடுப்பு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கைதான் இருக்கேம்மா."

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். "இந்தச் சின்னப் பொண்ணுக்கா?"

"அச்சு எடுக்கும்போது அவளுக்கும் இந்த வயசுதான்."

"அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. அந்தப் பாடகி வாசல் கூடத்துல எவ்வளவு காலம் நின்னாங்க. இப்பல்லாம் யாரு அப்படி நிக்கிறாங்க? கம்பளம் தேயறதுக்கு முன்னாடி ஆளே மாறிடுது. அடுத்த வருஷமே இவ கீழ வந்தா?"

"வந்தா கையைக் கழட்டி அடுத்தவளுக்கு மாட்டிக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

"அடுப்பு எங்கிட்டதானே இருக்கு. எது உருகணும், எது உருகக் கூடாதுன்னு நான் பார்த்துக்கறேன்."

முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், கடைசியில் அவர் காலைப் பார்த்தார். "சரி. ஆனா இனிமே என் கம்பளத்து மேல ஏறக் கூடாது" என்றார்.

பாடகி கீழே வந்தார். சூடு காட்டிய கத்தியால் கைகளை மணிக்கட்டோடு பிரித்து, ஈரத்துணியில் சுற்றித் தனியாக வைத்தார் அடுப்பு. முடியை எடுத்தார். கண்ணை எடுக்கும்போது, "கோவிச்சுக்காதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். இதுவரை யாரிடமும் அவர் அப்படிச் சொன்னதில்லை. மூக்கு முதலில் போயிற்று. காதுகள் வழக்கம்போல மிதந்தன. அவர் வாய்க்குள்ளேயே அந்த அம்மாவின் பழைய பாட்டு ஒன்றை முனகினார். சுதியும் இல்லை, சொல்லும் பாதிதான் வந்தது. காதுகள் கேட்டுக்கொண்டே கரைந்தன.

புதுச் சிலையைத் திறந்த அன்று வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. அடுப்பு கூட்டத்தோடு கூட்டமாக ஓரமாய் நின்று பார்த்தார். முதலில் வந்த பள்ளிக்கூடப் பெண்கள் நீட்டிய இடது கையைப் பிடித்தார்கள்.

"ஏய், விரலைப் பாருடி. ஊசி குத்தின மாதிரி இருக்கு."

"தச்சுப் பொழைச்சிருப்பாடி. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மேல வந்திருக்கா."

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு போன்களில் பரவிவிட்டது. அந்தப் பெண் ஊசி பிடித்ததே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மகள் கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, "அப்பா, கடையில எல்லாரும் அம்மா விரலைப் பத்தித்தான் பேசறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பழக்க தோஷம், கதவு திறப்பதற்கு முன்னாலேயே அடுப்பு வந்துவிட்டார். கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் கூடத்தில் புதுப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முன்னாலிருந்த கம்பளம் ஒரே நாளில் சிவப்பு மங்கி, ஓரத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். கம்பளத்தில் கால் வைக்கவில்லை. வெறும் தரையில் ஓரமாக நின்று, எட்டி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வரிசை சேர்கிற சத்தம் கேட்டது. கை சூடானதும் விட்டுவிட்டு, முக்காலியைத் தேடிக் கீழே போனார்.