இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

மேடவாக்கம் தாண்டி பாலத்துக்குத் தூண் போட ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் காலையில் காபி இறங்குவதில்லை. சாலையின் வலது பாதியைத் தகரத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ஒன்றாகிற அந்த இடத்தில் தினமும் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். பல நாள் திட்டுவது நான்தான்.

அன்று எனக்குப் பிளஸ் டூ பரீட்சை மேற்பார்வை. எட்டரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். பக்கத்தில் மனைவி, அவள் அலுவலகமும் அதே வழி. எட்டு மணிக்கு இடது வரிசையில் நின்ற கார் நின்றதுதான். முன்னால் தடுப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு தண்ணீர் லாரியும் ஒரு கம்பெனி பஸ்ஸும் ஒன்றாக மூக்கை நுழைத்துவிட்டு, இரண்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றன. மணி பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"வாட்சைப் பார்த்தா ரோடு நகருமா?" என்றாள்.

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"ஏங்க, வண்டி?"

"நீ எடுத்துட்டு வா."

லைசென்ஸ் வாங்கி ஏழு வருஷத்தில் அவள் கார் ஓட்டியதே இல்லை. அது எனக்குப் பாதி தூரம் ஓடிய பிறகுதான் உறைத்தது.

லாரி டிரைவரிடம் போனேன். "அண்ணா, கொஞ்சம் பின்னால எடுங்க. பஸ் போயிடட்டும், அடுத்தது நீங்க."

"இன்னா சார், நீ போலீஸா?"

"கணக்கு வாத்தியார்ணா. எட்டரைக்குப் பரீட்சை டியூட்டி."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். பஸ் போனது. லாரி போனது. கையை நீட்டி நடுவில் நின்றேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். ஹாரன்கூடக் குறைந்தது.

எங்கள் கார் வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அவள். ஆனால் முறை வலது பக்கத்து ஆட்டோவுடையது. கை காட்டி நிறுத்தினேன். அவள் முறைத்த முறைப்பு! ஆட்டோ போனதும் என்னை ஏற்றிக்கொள்ள நிற்காமல் நேராகப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். ஒரு டீக்கடை ஓரமாக நின்றிருந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் ஏறுங்க," என்றாள்.

அவளே ஓட்டினாள். திரும்பிப் பார்த்தேன்; தடுப்பு தொடங்குகிற இடத்தில் வண்டிகள் மறுபடி அடைத்துக்கொண்டிருந்தன. பள்ளிக்குள் நுழையும்போது எட்டரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் போன வண்டிகளே மனதில் ஓட, மூன்று மணி நேரமும் பரீட்சை ஹாலில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

மறுநாள் தனியாகப் போனேன். இரண்டு வரிசையும் தடுப்பு வரை வந்து, அங்கே ஒன்றுவிட்டு ஒன்று நுழைந்தால் அடைப்பே இருக்காது என்பது என் கணக்கு. முன்கூட்டியே இடது வரிசையில் முண்டாமல், காலியாகக் கிடந்த வலது பக்கத்தில் தடுப்பு வரை மெதுவாகப் போய், இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்தேன். ஒரு வேன் இடம் விட்டது. அதற்குள் ஸ்கூட்டர்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"வரிசைல நிக்கிறவன்லாம் முட்டாளா சார்?"

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஹாரன். நகர்ந்துவிட்டேன்.