கோபுரத்து மாதாவுக்கு எர்த்

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்து எலியேசருக்குப் பல் டாக்டர் தொழில் வயிற்றுப்பாட்டுக்கு; உயிர் கய்யே மலைக் கோபுரத்தில். போலீஸும் டாக்சிக்காரர்களும் எஃப்.எம். நிலையமும் வாடகை கொடுத்து ஆன்டெனா மாட்டிய அந்தக் கோபுரத்தில் சிக்னலை வாங்கிப் பெருக்கித் திருப்பி அனுப்பும் எங்கள் ரிப்பீட்டர் பெட்டி ஓசிக் குடித்தனம். அதனால் யார் ரேடியோ கரகரத்தாலும் பழி எங்கள் தலையில்தான்.

அன்று பலத்த காற்று. போலீஸ் வயர்லெஸ்ஸில் ஒரே இரைச்சல். எஃப்.எம். இன்ஜினியர் வில்மர் வந்ததும் வராததுமாக, “உங்க பொட்டிதான்யா” என்றார். எலியேசர் எங்கள் பெட்டியை அணைத்தார். இரைச்சல் நிற்கவில்லை.

மேலே ஏறிப் பார்த்தார். புயலுக்குக் காவலாக வில்மர் கட்டிய பித்தளை மாதா, துருப்பிடித்த கம்பியில் ஆடிக்கொண்டிருந்தாள். அந்தத் துரு உரச உரச, கோபுரத்து ரேடியோ அலைகளையெல்லாம் கலந்து இரைச்சலாக்கியது. எலியேசர் கம்பியை வெட்டினார். இரைச்சல் அடங்கியது.

“யோவ் டாக்டர், மாதாவையா அவுக்குற? பாவம்யா,” என்று வில்மர் கீழிருந்து கத்தினார்.

“நான் ஒண்ணும் வெரட்டலய்யா. ஒழுங்கா கட்டாம, எர்த் குடுக்காம இங்க யாரும் நிக்கக் கூடாது. மாதாவா இருந்தாலும் சரி.”

துருப்பிடிக்காத பட்டையால் அவளை இறுக்கி, காலிலிருந்து தடித்த செம்புக் கம்பியும் இழுத்துவிட்டார்.

அடுத்த முறை கோபுரத்தைச் சோதிக்க வந்த அதிகாரிகள் குறை சொல்லாமல் விட்டது எங்களையும் மாதாவையும்தான். இரண்டுமே ஓசிக் குடித்தனம்.