மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்

இன்று காலை காது பரிசோதிக்கும் கூண்டைத் திறந்ததும் பஞ்சு வாடை முகத்தில் அடித்தது. சத்தம் புகாமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை அது. மன்னார் வெக்கையில் பஞ்சுக்கும் வியர்க்கும்போல. முசலிப் பக்கத்து மீனவர் ஒருவரை உள்ளே இருத்தி, "மூச்சைச் சும்மா விட்டபடி இருங்கோ ஐயா" என்றேன். பக்கத்தில் நின்ற தாதி சிரித்தாள். "காது பாக்கிற இடத்தில மூச்சுக்கென்ன அலுவல் மிஸ்?"

அலுவல் இருக்கிறது, சொல்கிறேன்.

பேச்சு, கேட்டல் சிகிச்சைப் பட்டப்படிப்புக்கு நான் தெரிவானபோது எங்கள் ஊர் பேசாலையில் ஒருவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. "கதைக்கிறதுக்கும் கம்பஸோ? உவள் இங்கயே வாய் மூடாள்" என்றார் மாமி. அம்மா கெட்டிக்காரி. கோயிலடியில் கேட்பவர்களிடமெல்லாம் "மகள் டொக்டர் மாதிரி" என்று தொடங்கி, அந்த 'மாதிரி'யை மட்டும் விழுங்கிவிடுவார்.

தெற்கே பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த எனக்கோ முதல் வருடம் பேச்சே வரவில்லை. பாடம் ஆங்கிலத்தில், நோயாளிகள் சிங்களத்தில். நாக்கை அசைக்கும் நரம்புகள் எல்லாம் மனப்பாடம். கன்டீனில் தேத்தண்ணி கேட்கத்தான் தெரியாது.

இறுதி வருடத்தில், நாங்கள் பயிற்சி எடுக்கும் காதுப் பரிசோதனை அறைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இளமையில் சங்கு குளித்தவர். கடலின் ஆழம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. ஆட்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். பிழையான இடத்தில் சிரித்ததை உணர்ந்து பிறகு தலையைக் குனிவார். மெல்ல மெல்லச் சனத்துக்குள் போவதையே விட்டுவிட்டார். காதுக் கருவி கிடைத்தால் மனுஷன் திரும்பி வருவார் என்று நம்பினேன். அதற்கு நம்பகமான பரிசோதனை முடிவு வேண்டும்.

ஹெட்போனைப் போட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்பா அழுத்தினார். நான் சத்தம் அனுப்பாதபோதும் விடாமல் அழுத்தினார். எனக்குப் பின்னால் நின்ற எங்கள் விரிவுரையாளர் மேடம், "இவர் சும்மா அழுத்துகிறார். இந்த முடிவை வைத்துக் கருவி கொடுக்க முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார். என் அப்பா பொய் சொல்லமாட்டார் என்பதை எந்தச் சிங்களத்தில் சொல்வது?

அப்போதுதான் கண்ணாடி வழியே அவருடைய நெஞ்சைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மூச்சைப் பிடித்தா வைத்திருக்கிறீர்கள் என்று சைகையால் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. கவனமாக் கேக்கச் சொன்னனீ. மூச்சு விட்டா எப்பிடிக் கேக்கிறது?"

கடலுக்கடியில் கவனம் என்றால் அவருக்கு அதுதான். அடக்கிய மூச்சோடு தன் இரத்தம் துடிக்கும் சத்தமே காதுக்குள் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நேர்மையாக அழுத்தியிருக்கிறார். மேடத்துக்கு உடைந்த சிங்களத்தில், நெஞ்சைத் தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தினேன். மறுபடி தொடங்கினோம். இம்முறை முடிவு சுத்தமாக வந்தது. அடுத்த வகுப்பில் மேடம் எல்லோருக்கும் சொன்னார்: கடல்தொழில் செய்பவர் வந்தால் நெஞ்சையும் பாருங்கள், இதைக் கண்டுபிடித்தது இவள். அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவில்கூட அப்படி நடக்கவில்லை.

கருவி வந்தது. எங்கள் வீட்டுக் கூச்சலும் அதோடு போயிற்று. அதுவரை அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு வீட்டுக்காரர் எழும்பிச் சோற்றுக் கோப்பை கழுவுவார்கள். கருவி மாட்டிய அன்று குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி அம்மா, "இஞ்சருங்கோ" என்றார், மெதுவாக. விறாந்தையில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மாவின் அந்தக் குரலை நானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.