இன்ஜின் மாற்றிய பட்டாள லாரியில் ஆரணியிலிருந்து சந்தவாசல் வரை

பழைய மிலிட்டரி வண்டியில் புது டீசல் இன்ஜின் ஏற்றி ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஓடுமா? ஓடும். நானே ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகச் சந்தவாசல் போய்த் திரும்பியிருக்கிறேன். ஆனால் நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அப்பாவை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைக்கப் போனேன்.

அப்பா பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்த கையோடு, தான் ஓட்டிய அதே ரக ஒன்-டன் லாரி ஒன்றை, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கிவந்து எங்கள் தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இவரோட மூத்த சம்சாரம் வந்துட்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மாதத்துக்கு ஒருமுறை அவர் அதைத் துடைத்து ஸ்டார்ட் செய்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். பெட்ரோல் குடித்த குடிக்கு அதற்குமேல் கட்டுப்படியாகாது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தேறிவிட்டது, காலும் தேறிவிட்டது. இடது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அன்றிலிருந்து லாரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "காயலான் கடைக்காரனக் கூப்ட்டு குட்த்துடு. நிக்கறதப் பாத்துகினு இருக்க முடியல" என்றார்.

நான் வேலூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். வாயடிப்பதில் அப்பாவுக்குச் சளைத்தவள் இல்லை. சண்டை போட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வண்டியை அவர் ஓட்டுகிற மாதிரி நான் மாற்றித் தருவேன். ஒரே ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். ஓட்ட முடியவில்லை என்றால், மறுநாளே விற்றுவிடலாம். நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

இன்ஜினை மாற்றியது மைலேஜுக்காக மட்டும் இல்லை. பழைய இன்ஜினில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். புதிதாகப் போட்டது ஒரு பிக்கப் வண்டியின் டர்போ டீசல். அதோடு பவர் ஸ்டியரிங் பம்ப்பும் வந்துவிடும். ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் வைத்துவிட்டால் ஒரு கையே போதும். கியர் பாக்ஸை மட்டும் பழையதாகவே விட்டுவிட்டு, நடுவில் ஒரு இரும்புத் தகடு கடைந்து இன்ஜினோடு சேர்த்தேன். கியர் டிரைவரின் இடது கைப்பக்கம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ரோட்டில் நான்தான் ஓட்டினேன். இடது பக்க சீட்டில் அப்பா. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே சிப்பாய்கள் உட்காரும் பெஞ்சில், புளிசாதமும் வடையும் வைத்த தூக்கோடு அம்மா. கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் முகத்தை வைத்தபடியே அம்மா வந்தாள். கண்ணமங்கலம் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். நாற்பத்தைந்துக்கு மேல் நான் விரட்டவில்லை. புது இன்ஜினுக்கு இன்னும் ஓட ஆசைதான், ஆனால் பழைய பிரேக்கின் வயதையும் பார்க்க வேண்டும்.

கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். நெல் லாரி டிரைவர் ஒருவர் எங்கள் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார்.

"உருவம் மிலிட்டரி, சத்தம் வேற மாதிரி கீதுங்களே?"

"இன்ஜின மாத்திட்டோம் அண்ணா."

"பார்ட்ஸுக்கு பேஜார் இல்ல, அப்ப. யாரு ஓட்றது, ஐயாவா?"

அப்பா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "நான் சும்மா கூட வந்துகினு இருக்கேன்" என்றார். மிச்சம் பத்து கிலோமீட்டரும் அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது.

சந்தவாசலைத் தாண்டி முருகேசன் மாமாவின் நிலம். மாமா அம்மாவுக்குத் தம்பி முறை. கடலை பிடுங்கிய தரை, ஏரிக்கரை வரைக்கும் ஒரு கிணறோ மரமோ குறுக்கே கிடையாது. முன்னாடியே அவரிடம் கேட்டு வைத்திருந்தேன். அப்பாவைப் பொது ரோட்டில் ஓட்டவிடும் எண்ணம் எனக்கு இல்லை.

அப்பா வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குமிழைப் பிடித்து ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினார். "வெண்ணெ மாதிரி கீதுடி" என்றார். நான் உள்ளுக்குள் கொடி ஏற்றிவிட்டேன். அதோடு என் கெட்டிக்காரத்தனம் முடிந்தது.

இந்தக் கியர் பாக்ஸுக்கு டபுள் கிளட்ச் வேண்டும். ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும், காலை விட்டு மறுபடி மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். அப்பா "போடு" என்பார், நான் போடுவேன் என்று பேசிக்கொண்டோம். அவர் சொல்லி, அது என் காதில் விழுந்து, கை நகர்வதற்குள் கால் அடுத்த வேலைக்குப் போய்விடும். கியர் பாக்ஸ் கத்தும், இல்லையென்றால் வண்டி நின்றுவிடும். ஐந்தாறு தடவை பார்த்தோம். "சீக்கிரம் போடேன்டி" என்று அவர் கத்த, "சீக்கிரம் சொல்லுங்களேன்" என்று நான் கத்தினேன்.

கடைசியில் அவரே சாவியைத் திருப்பி அணைத்தார். "போதும்மா. நீ செஞ்சதெல்லாம் நல்லா கீது. எனக்குத்தான் ஆவல. நாளைக்கு அவனக் கூப்டு." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அப்படிச் சாந்தமாகச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே இறங்கி, ஏதோ சரிபார்க்கிறவள் போல பானெட்டைத் திறந்துகொண்டு நின்றேன்.

அம்மா பின்னாலிருந்து இறங்கி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடது சீட்டில் ஏறினாள்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றேன்.

"நீ அவரு வாயப் பாத்துகினு இருக்க. கால இல்ல பாக்கணும்? மொத மிதிக்கு நடுவுக்கு. ரெண்டாவது மிதிக்கு அந்தாண்ட. காலைலருந்து நீ போட்றத ஜன்னல்ல பாத்துகினுதான வந்தேன்."

இங்கே எங்கள் வீட்டுத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் நடுவில் உட்கார்ந்து மிதியை மிதிப்பார். அவருக்கு வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டையை, விடுவார். ஒவ்வொரு இழைக்கும் "இப்போ விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் புடவை நெய்து முடியாது. பக்கத்தில் இருப்பவர் நெய்கிறவரின் காலைப் பார்த்தே கையை ஓட்டுவார். எங்கள் வீட்டில் நெசவு அம்மா. பட்டாளத்திலிருந்து வந்தபிறகு, கை விழும் வரைக்கும், வலப்பக்கம் உட்கார்ந்து நாடா விட்டது அப்பா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் பானெட்டைச் சாத்திவிட்டு ஒதுங்கியதும் சாவியைத் திருப்பினார். அவருடைய இடது முழங்கால் அசைந்தது, அம்மாவின் கை அசைந்தது. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் முழங்கால் இரண்டு தடவை இறங்கி ஏறியது. இரண்டாவதும் விழுந்தது. நான் திறந்த வாயை மூடவில்லை, மண் பறந்து வந்தபிறகுதான் மூடினேன். பானெட்டை ஒழுங்காகச் சாத்தினேனா என்ற கவலையும் அப்போதுதான் வந்தது.

ஏரிக்கரை வரை போனார்கள். திரும்பி என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா முன்னாலும் அம்மா அவர் முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் விடுமுறை நாளெல்லாம் கிரீஸில் கிடந்து இன்ஜின் மாற்றியவள் நான். பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

வெயில் ஏறும்வரை ஓட்டினார்கள். ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. அதற்கு லீவரை ஒரு தூக்குத் தூக்கித் தள்ள வேண்டும், அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் மாமாவின் நிலம் முழுக்க ஒரு பெரிய வட்டம் அடித்துத்தான் திரும்பினார்கள். புளிசாதம் சாப்பிடும்போது அம்மாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. அப்பா அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் தட்டில் ஒரு வடையை எடுத்து வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இன்ஜினை மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீஸில் அனுமதி வாங்கி, ஆர்சி புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரை ஏற்றிவிடுங்கள். புது இன்ஜினின் இழுவை பழைய கியர் பாக்ஸுக்கு அதிகம், ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிக்காதீர்கள். பிரேக்கைப் புதுப்பிக்காமல் வேகத்தை நினைக்கவே வேண்டாம். போகவர ஐம்பத்தாறு கிலோமீட்டர், நிலத்தில் சுற்றியதையும் சேர்த்து எட்டு லிட்டர் டீசலுக்குள் முடிந்தது. கண்ணமங்கலம் தாண்டினால் நிழலில் நிறுத்த இடம் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாதவர்களை ஓட்டவைப்பதானால் டாக்டரைக் கேளுங்கள், சொந்த நிலத்திலோ தெரிந்தவர் நிலத்திலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதை மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினோம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்று, பயத்தோடேயே அப்பாவிடம் கேட்டேன்: "காயலான் கடைக்காரருக்கு இன்னா சொல்லட்டும்ப்பா?"

அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த கடலைக்கொடியை வலது கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவுக்கு இன்னும் ரிவர்ஸே வரலடி. அதுக்குள்ள வித்துட்டா அவ எதுல கத்துக்குவா?"